வாலை நம்பாத ஸவாஹிர்

மின்சாரக் கந்தோரில் முப்பது வருடம் மீற்றர் வாசித்த என்னை மூன்று நாய்கள் கடித்திருக்கின்றன. இடது கெண்டைக்காலில் ஒன்று, வலது கெண்டைக்காலில் ஒன்று. மூன்றாவது எங்கே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. என்னோடு அதே வருடம் வேலைக்குச் சேர்ந்த ஸவாஹிரை ஒரு நாயும் கடித்ததில்லை. கடிப்பது இருக்கட்டும், முதல் மாதத்தைத் தவிர ஒரு நாயின் மூக்குக்கூட அவர்மேல் படாமல் வருடக்கணக்காக வேலை பார்த்தார். அப்படிப்பட்டவர்மேல் ஒரு நாள் பட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவருக்கு நாய்கள் என்றால் கொள்ளைப் பிரியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸவாஹிர் அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம். நாயின் எச்சில் உடம்பிலோ உடுப்பிலோ பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். கழுவாமல் தொழ முடியாது. மீற்றர் வாசிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் ஒரு நாளைக்கு எண்பது வீடு. அதில் ஐம்பது வீட்டில் நாய். மீற்றரையோ சமைக்கிற குசினிக்குப் பின்னால், நாய் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே பூட்டி வைத்திருப்பார்கள். சேர்ந்த முதல் மாதத்தில் நாலு தரம் ஸவாஹிர் களிசானை மாற்றுவதற்காக வேலையைப் பாதியில் விட்டு ஓடினார். ஐந்தாவது தரம் மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அதன் பிறகுதான் அவர் நாய்களைப் பார்க்கத் தொடங்கினார்.

நாங்கள் எல்லாரும் நாயைக் கண்டால் அதன் பல்லைத்தான் பார்ப்போம். ஸவாஹிர் பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். கேற்றுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்பார். காது எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, உடம்பின் பாரம் முன்னங்காலில் இருக்கிறதா பின்னங்காலில் இருக்கிறதா, கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறதா, வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. பிறகு தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, நாயைப் பார்க்காமல், சாவகாசமாக ஒரு கொட்டாவி விடுவார். அதற்குப் பிறகுதான் கேற் திறக்கும்.

அந்தக் கொட்டாவியை வைத்துக் கந்தோரில் நாங்கள் அவரைப் படாத பாடு படுத்தியிருக்கிறோம். வீட்டில் றம்லத் தூங்க விடுவதில்லையா என்று கேட்போம். றம்லத் அவருடைய மனைவி. அவர் கோபிக்க மாட்டார்.

ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு மட்டும் விளக்கம் சொன்னார். "நாய்க்குச் சங்கடமா ஈந்தா அது கொட்டாவி விடும், ராஜலிங்கம். தூக்கத்துக்கு இல்ல. எனக்குச் சண்டை வேணாம், நீயும் சும்மா இரு எண்டு செல்ற மாதிரி. நானும் அதையே அதுக்குச் செல்றேன். அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் இரண்டாவது கடியும் வாங்கினேன். அன்றைக்கு இருவரும் ஒரே ஒழுங்கையில் போனோம். ஒரு வீட்டு முற்றத்தில் வெள்ளை நாய் ஒன்று நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"வாலாட்டுது நானா, நல்ல நாயி" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"வால் மட்டும்தானே ஆடுது? இடுப்பு ஆடுதா பாருங்க. வாலும் கம்பி மாதிரி மேல நிக்குது. போகாதீங்க."

போனேன். வலது கெண்டைக்கால்.

எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே போக முடியாத வீட்டுக்கு நேரே 'நாய்' என்று எழுதிவிட்டால் போதும், அந்த மாதக் கணக்கைக் கந்தோரில் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்வார்கள். என் புத்தகத்தைப் புரட்டினால் கண்டி மாவட்டத்தில் மனிதர்கள் வசிக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். ஸவாஹிருடைய புத்தகத்தில் அந்தச் சொல் ஒரு தரம்கூடக் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஆனால் அதைக் கந்தோருக்கு வெளியே காட்ட வழியில்லை. ஊரில் இந்தக் கெட்டித்தனம் பெருமைக்குரிய விஷயமல்ல. பள்ளிவாசலில் சில பொடியன்கள் 'நாய் நானா' என்று கூப்பிடுவார்களாம். அது அவருக்கு உள்ளூர வலித்தது என்று றம்லத்தே ஒரு பெருநாள் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னார். "மனிசன் தொழுகைக்காகப் படிச்சது. ஆக்களுக்கு அது வெளங்குதில்ல" என்றார்.

குண்டசாலையில் தியாகராஜா என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மூக்கின்மேல் கோபம். மனைவி பத்மாதேவி கண்டியில் கணக்குப் படிப்பித்த டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் பிறவுனி என்ற நாயும்தான். பிறவுனி பெயருக்கேற்ற மண்ணிற நாய், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். அந்தத் தெருவில் யாரையும் அது பொருட்படுத்துவதில்லை, ஸவாஹிரைத் தவிர. ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் அவர் கேற்றைத் தொட்டதும் படியில் ஏறி நின்று தொண்டை கிழியக் குரைக்கும். இவர் கொட்டாவி விடுவார். அது படியை விட்டு இறங்காது. இவர் சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போய் மீற்றரை வாசித்துக்கொண்டு அதே வழியில் திரும்புவார். இருவருக்கும் இடையில் பத்தடி. அந்தப் பத்தடியை இருவரும் ஒரு நாளும் மீறியதில்லை.

டீச்சருக்கு இது குறை. "உமக்கு நாயைப் பிடிக்காது தம்பி. அது அதுக்கு விளங்குது" என்பார். ஸவாஹிர் பிடி கொடுக்காமல் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பிறவுனிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைக்கவில்லை. அது தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன், அது நேர்மையான நாய் என்பார் என்னிடம். ஒரு நாயைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. ஸவாஹிர் கேற்றைத் தொட்டார். சத்தமில்லை. நாயைக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே காலை வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் கொட்டாவி விடவில்லை, வெளியே ஒரு நிமிடம் நிற்கவும் இல்லை. பிற்பாடு இதைச் சொல்லும்போதெல்லாம் தன் நெற்றியில் தானே தட்டிக்கொள்வார்.

பிறவுனி மல்லிகைப் பந்தலுக்குப் பின்னாலிருந்து வந்தது. குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு, நேரே வந்து அவருடைய காலில் உரசியது. பத்தடியும் போய்விட்டது. அசைந்தால் கவ்விவிடும் என்று ஸவாஹிர் அப்படியே நின்றார். அது அவருடைய வலது கையை நக்கத் தொடங்கியது. முதல் நாள் முள்வேலியில் கிழித்த கீறல் ஒன்று அந்தப் புறங்கையில் ஆறாமல் இருந்தது. நாய் அதையே திரும்பத் திரும்ப நக்கியது.

டீச்சர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"இஞ்சருங்கோ, வந்து பாருங்கோ!" என்று கணவரைக் கூப்பிட்டார். "பிறவுனி தம்பியோட சிநேகமாகிட்டுது. ஆறு வருசம் எடுத்திருக்கு!"

யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நானாக இருந்தால் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன். ஸவாஹிர் நாயைப் பார்த்தார். வால் ஆடுகிறது, ஆனால் முகத்தில் சிநேகம் இல்லை. கண் அவரைப் பார்க்கவில்லை, அவருக்கு அப்பால் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிறது. நக்குவதை நிறுத்தி, இல்லாத ஈயைக் கவ்வுவதுபோல் காற்றைக் கவ்வியது. பிறகு பூச்சாடிக்குப் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துக் கடித்தது. ஒரு தரம் குரைக்கப் பார்த்தது. வந்த குரல் பிறவுனியின் குரலாக இல்லை, கம்மிப்போயிருந்தது. விழுங்குவதற்கு இரண்டு தரம் கழுத்தை நீட்டியது.

"டீச்சர், இது எத்தின நாளா இப்பிடி ஈக்குது?"

"எப்பிடி?"

"இப்பிடி எல்லார்ட்டயும் வாரது."

"ரெண்டு நாளா ஒரே செல்லம்தான். என்னை விட்டுப் போகுதில்லை. விடியத்தொடக்கம் என்ர கையை நக்கிக்கொண்டே நிக்குது." டீச்சர் கையைக் காட்டினார். சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. முதல் நாள் அரிவாள்மனையில் மீன் வெட்டும்போது பட்ட வெட்டு.

இரண்டு மாதத்துக்கு முன் பிறவுனி தெருநாய் ஒன்றோடு சண்டை பிடித்துக் காது கிழிந்து வந்ததை ஸவாஹிர் ஏப்ரல் மாத வாசிப்பின்போது பார்த்திருந்தார். காயம் ஆறிவிட்டது என்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவருக்கு அது இப்போது ஞாபகம் வந்தது.

அவர் நேரே முற்றத்துக் குழாயடிக்குப் போனார். அந்தூரியச் சாடிக்குக் கீழே இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கையில் தேய்த்துக் கழுவினார். பிறகு வெறும் தண்ணீரில் ஆறு தரம். அதன் பிறகும் நிறுத்தவில்லை. உடுப்புத் துவைக்கும் கல்லில் இருந்த சவர்க்காரத்தை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். சவர்க்காரம் கையிலிருந்து இரண்டு தரம் வழுக்கி விழுந்தது.

தியாகராஜா வெளியே வந்தபோது அவர் கண்ட காட்சி இதுதான். தன் நாய் ஆசையாக நக்கிய கையை ஒருவர் சேற்றைப் போட்டு உரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன காணும் இது? நாய் நக்கினால் தோல் கழண்டு போமோ?"

"சேர், நாயைக் கட்டுங்க. அதுக்குச் சுகமில்ல. விசர் எண்டு நினைக்கிறேன். டீச்சர்ட கையில வெட்டு ஈக்குது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"விசரோ! கடிச்சதோ? குரைச்சதோ? ஆறு வருசம் குரைக்கேக்க ஒண்டும் சொல்லேல்லை, இண்டைக்கு வாலாட்ட விசர் எண்டுறீர்."

"அதுதான் சேர் பயமா ஈக்குது. இது வாலாட்டுற நாய் இல்ல."

"நாய் எண்டாலே உங்கட ஆக்களுக்கு ஆகாது. அதைச் சொல்லும். வளர்க்கத் தெரியாத ஆள் எனக்கு நாயைப் பற்றிப் படிப்பிக்க வராதையும்."

தியாகராஜா சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் சங்கடம். அவர் நாய் வளர்த்ததில்லை, தொட்டதில்லை, தொடாமல் இருப்பதற்காகவே எல்லாம் படித்தவர். அதை அந்த முற்றத்தில் நின்று எப்படி விளங்கப்படுத்துவது? டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் கவலை இருந்ததா கோபம் இருந்ததா என்று ஸவாஹிருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மிச்சம் இருந்த நாற்பது வீட்டையும் அவர் வாசிக்கவில்லை. பஸ் ஏறிக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த இளம் டொக்டர் நல்லவர்தான். நக்கியதுதானே, நாய் உயிரோடு இருக்கிறதுதானே, பத்துப் பதினாலு நாள் நாயைக் கவனியுங்கள், அதற்கு ஏதாவது ஆனால் ஊசி போடலாம் என்றார். அந்தக் காலத்து வெறிநாய்க்கடி ஊசி வயிற்றில் போடுவது. தொப்புளைச் சுற்றி ஒவ்வொரு நாளும் ஒன்று, பதினாலு நாள். தேவையில்லாமல் யாரும் வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஸவாஹிர் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாய் நடந்த விதம், காற்றைக் கவ்வியது, கல்லைக் கடித்தது, குரல் கம்மியது, விழுங்கக் கழுத்தை நீட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நீங்கள் மிருக வைத்தியரா என்று கேட்டார். மீற்றர் வாசிக்கிறவன் என்றார் இவர். முதல் ஊசி அன்றைக்கே போடப்பட்டது. ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் நாய்ச் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் எழுதப்பட்டன. சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கப்பட்டது.

"எனக்கும் ஊசி தேவைதான்" என்றார் என்னிடம் பிறகு. "ஆனா அந்த விலாசம் ஒரு கடதாசில ஏற வேணும் எண்டுதான் கூடுதலா யோசிச்சேன். நான் சென்னா கேக்க மாட்டாங்க. கடதாசி சென்னா கேப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போனார். நாய் ஏற்கெனவே பின்பக்கக் கோடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. தியாகராஜா கேற்றிலேயே நின்று வாதாடினார், ஆனால் பரிசோதகர் கடதாசியைக் காட்டினார். அன்று பின்னேரம் பிறவுனியின் கீழ்த்தாடை தொங்கிவிட்டது. தண்ணீர்க் கோப்பையில் வாயை வைத்தது, குடிக்க முடியவில்லை. சனிக்கிழமை தியாகராஜா மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாய் செத்தது. அதன் தலை கொழும்புக்குப் போய், விசர்தான் என்று கடிதம் வந்தது. அதற்குள் மூன்று பேரும் ஒரே நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து ஊசிக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஊசி போட்டால் ஸவாஹிருக்குக் காய்ச்சல் வரும். அதனால் பல நாள் நானும் துணைக்குப் போனேன். நான் கண்டது ஒரு வேடிக்கையான வாங்கு. ஒரு நுனியில் தியாகராஜா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பார். நடுவில் டீச்சர். மறு நுனியில் ஸவாஹிர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. யாரும் யாரோடும் பேசுவதில்லை. சுவரிலிருந்த மணிக்கூட்டை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. அவர் காப்பாற்றினார், ஒரு நன்றி சொல்ல வாய் வலிக்கிறதா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் சொல்லியே விடுவோம் என்று எழும்பினேன். ஸவாஹிர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ. தியாகராஜா ஊசிக்கு உள்ளே போயிருந்தார். டீச்சர் வாங்கில் கொஞ்சம் நகர்ந்து வந்தார். நாயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். பேசினார்.

"பிறவுனி என்னட்டத்தான் வளர்ந்தது. ரெண்டு நாள் அது என்னோட திரிஞ்ச விதத்தில நான் ஒரு பிழையும் காணேல்லை."

ஸவாஹிர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்கு அது விருப்பமான நாய் டீச்சர். விருப்பமானதில பிழை தெரியாது."

"அண்டைக்கு நீர் போன கையோட நான்தான் அதைக் கட்டினனான். இவர் கத்தினவர், நான் கேக்கேல்லை. பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினனான். உம்மைப் போலவே. மண் போட்டு, ஏழு தரம் எண்ணி."

நான் அவரைப் பார்த்தேன். ஸவாஹிரும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சென்னத நம்பினீங்களா?"

"நீர் சொன்னதை நம்பேல்லைத் தம்பி, பொய் சொல்லக் கூடாது. இவரைப் போலத்தான் நானும் நினைச்சனான், உங்களுக்கு நாய் ஆகாது எண்டு." டீச்சர் விரலில் இருந்த தழும்பைத் தடவினார். "நான் உம்மட கையைப் பாத்தனான். ஆறு வருசமா மாதாமாதம் பாக்கிறன். பிறவுனி பாயுற மாதிரிக் குரைக்கேக்கயும் உமக்கு அந்தப் புத்தகம் ஒரு நாளும் ஆடினதில்லை. அண்டைக்கு அது சிநேகமா வரேக்க, கையில சவர்க்காரம் நிக்கேல்லை. ரெண்டு தரம் விழுந்தது. பயத்தில நடுங்கிற கை எனக்குத் தெரியும். அதை முப்பது வருசம் சோதனை மண்டபத்தில பிள்ளையளிட்டப் பாத்தனான்."

இத்தனை வருடமாக வீட்டு வாசல்களில் நின்று நாய்களைப் பார்த்தவர் ஸவாஹிர். தன்னை ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அவருக்குப் புதிது. காது சிவந்துவிட்டது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"ராத்திரி நித்திரை இல்லைப் போல" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், நல்லாத் தூங்குறாரு" என்றேன் நான். அதற்குள் தாதி ஸவாஹிருடைய பெயரைக் கூப்பிட்டாள்.